இருவர் இறங்கும் கடல்

ஒருவர் தனித்துச் செய்யும் தொழிலில் நேரும் இடர் ஒன்று. இருவர் கூடிச் செய்யும் தொழிலில் நேரும் இடர் இரண்டு. தொழிலே தரும் இடர் முதலாவது. அவ்விடர் கண்டு துணைவர் தளர்வதைப் பார்த்து நமக்கும் வந்து சேரும் தளர்ச்சி இரண்டாவது. முன்னையதை அறிவாலும் உழைப்பாலும் வெல்லக் கற்கின்றோம். பின்னையதை வெல்லும் வகை எந்தப் பாடத்திட்டத்திலும் இடம்பெறவில்லை. கல்லூரியை விட்டு வெளியேறிய பின் நம்மிற் பலர் பிறரோடு கூட்டுச் சேர்ந்தே தொழில் புரிந்துள்ளோம். இருவராக வாணிகம் நடத்தினோம். இருவராக நூல் எழுதினோம். இருவராகப் பாடசாலை ஒன்றைத் தாங்கி நின்றோம். இவ்வாறு தொடங்கியவற்றுள் இடையில் முறிந்துபோனவை பல. பொருள் இன்மையால் முறிந்தவை சில. திறமை இன்மையால் முறிந்தவை சில. இருவரும் ஒரே நாளில் மனம் உடைந்தமையால் முறிந்தவையோ மிகப் பல. ஆகவே, நெருக்கடி மிகுந்த பணியொன்றில் துணையோடு நிற்பவர் நம்பிக்கை தளராதிருத்தல் எங்ஙனம் என்பதை, எமது கடலையும் அக்கடலில் இறங்கிய இருவரையும் சான்றாகக் கொண்டு விளக்க முற்படுகின்றோம்.

கரையிற் கண்டது

திருக்கோணமலை நகருக்கு வடக்கே ஏறக்குறைய 15 கிலோமீற்றர் தொலைவில் உள்ளது நிலாவெளி. அக்கரையில் விடியற்காலையில் நிற்போர், இரவு வலை விரித்து மீளும் சிறு படகுகளைக் காண்பர். பெரும்பாலும் படகுக்கு இருவர். ஒருவர் இயந்திரத்தைப் பிடித்திருப்பார். மற்றவர் வலையைப் பார்ப்பார். மீன் பட்ட நாளில் இருவர் முகமும் ஒன்றுபோலவே இருக்கும். மீன் படாத நாளில்தான் வேறுபாடு தெரியும். ஒருவர் வாய் பேசாது வலையில் அடைந்த பாசியைக் கழற்றிக்கொண்டிருப்பார். மற்றவர் நாளைக்கு எந்தப் பக்கம் போகலாம் என்று நீரோட்டத்தைப் பற்றிப் பேசத் தொடங்கியிருப்பார். மறுநாள் பார்த்தால், நேற்றுப் பேசியவர் இன்று மௌனமாகவும், நேற்று மௌனமாயிருந்தவர் இன்று பேசுபவராகவும் இருப்பர். இம்முறைமாற்றத்தை அவர்களுக்கு எவரும் கற்பிக்கவில்லை. ஒரு படகில் இருவர் நெடுநாள் சென்றால் அது தானாகவே அமைந்துவிடுகின்றது.

நம்பிக்கை பற்றி நம்மிடையே நிலவும் பிழையான கருத்துக்கள் இரண்டினை இக்காட்சி திருத்துகின்றது. இடரைக் காணாததுபோல் இருப்பதே நம்பிக்கை என்பது ஒன்று. கடலறிந்த எவரும் இதனை ஏற்கார். வாடைக் காலத்தில், கார்த்திகை மார்கழி மாதங்களில், இக்கரைக் கடல் கொந்தளித்துக் கிடக்கும்போது படகைத் தள்ளுபவரை ஊரார் நம்பிக்கையாளர் என்று சொல்வதில்லை. இருவரும் எந்நாளும் ஒரே உற்சாகத்தோடு இருத்தல் வேண்டும் என்பது மற்றொன்று. மனித இயல்புக்கு இது பொருந்தாது. இவ்வாறு எதிர்பார்க்கும் இடத்தில், தளர்ந்தவர் தம் தளர்ச்சியை மறைக்கத் தொடங்குகின்றார். மறைத்த தளர்ச்சி, சொல்லிய தளர்ச்சியிலும் கொடிது. அது ஒரு நாள் முன்னறிவிப்பின்றி வெளிப்பட்டுப் பணியையும் நட்பையும் ஒருங்கே கெடுக்கும்.

மூச்சின் கணக்கு

நிலாவெளிக்கு எதிரே, கரையிலிருந்து ஏறக்குறைய ஒரு கிலோமீற்றர் தொலைவில் புறாத்தீவு உள்ளது. 2003ஆம் ஆண்டில் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்ட அத்தீவைச் சூழ்ந்த பவளப் பாறைகளைக் காணப் பலர் வருகின்றனர். காற்றுக் கலத்தை முதுகிற் கட்டிக்கொண்டு ஆழத்தில் இறங்குவோர் தனியே இறங்குவதில்லை. இருவர் இருவராகவே இறங்குவர். இது வெறும் சம்பிரதாயம் அன்று. இதற்குரிய காரணத்தை அறிந்தால் நாம் எடுத்துக்கொண்ட பொருளின் பாதி விளங்கிவிடும்.

கடல் மட்டத்தில் நம்மை அழுத்துவது ஒரு வளிமண்டல அழுத்தம். நீருக்குள் ஒவ்வொரு 10 மீற்றர் இறங்கும்போதும் இன்னொரு வளிமண்டல அழுத்தம் கூடுகின்றது. ஆகவே 10 மீற்றரில் அழுத்தம் இருமடங்கு. 30 மீற்றரில் நான்கு மடங்கு. அழுத்தம் கூடக் கூட, நுரையீரலை நிரப்பும் ஒவ்வொரு மூச்சுக்கும் கலத்திலிருந்து செலவாகும் காற்றும் அதே அளவில் கூடுகின்றது. நீர்மட்டத்தில் 60 நிமிடம் போதுமான காற்று, 30 மீற்றர் ஆழத்தில் 15 நிமிடத்துக்கே போதும். இது அமைதியாக மூச்சு விடுபவரின் கணக்கு. அச்சம் கொண்டவர் விரைந்து மூச்சு வாங்குவார். அவருடைய 15 நிமிடம் 10 ஆகலாம், 7 ஆகவும் ஆகலாம். அவரைக் கண்டு துணைவரும் அஞ்சினால் அவருடைய காற்றும் அவ்வாறே கரையும். கடலுக்கடியில் மனக்கலக்கம் என்பது உள்ளத்தின் நிலை மட்டும் அன்று. அளவுமானியிற் காணக்கூடிய செலவு.

இதனாலேயே மூழ்குவோரிடையே சில ஒழுங்குகள் உண்டு. இறங்குமுன் ஒருவர் கருவியை மற்றவர் சோதிப்பர். நீருக்கடியில் அடிக்கடி கைச்சைகையால் நலம் வினவுவர். கலத்தில் எவருக்குக் காற்றுக் குறைவோ, அவருடைய அளவைக் கொண்டே இருவரும் திரும்பவேண்டும்; காற்று மிகுந்தவர் இன்னும் சற்று நேரம் நிற்கலாம் என்று வாதாடுவதில்லை. எவரேனும் ஒருவர் மேலேறும் சைகை காட்டினால், காரணம் கேளாது இருவரும் ஏறுதல் வேண்டும். காரணத்தைப் படகில் அமர்ந்து பேசிக்கொள்ளலாம்.

காற்றுக் கலம் வருவதற்குப் பன்னூறு ஆண்டுகளுக்கு முன்பே மன்னார்க் குடாவில் முத்துக் குளித்தவரும் இருவராகவே தொழில் செய்தனர். ஒருவர் கல்லைக் கட்டிக்கொண்டு மூழ்குவார். மற்றவர் படகிலிருந்து கயிற்றைப் பிடித்திருப்பார். கயிற்றை மைத்துனன் கையிற் கொடுப்பதே வழக்கம் என்று சொல்லுவர். தன் உடன்பிறந்தாள் தாலியை எண்ணிப் பார்ப்பவன் கயிற்றைத் தவறவிடான் என்பது அதன் கருத்து. மூழ்குபவருக்கு அங்கே நம்பிக்கை தருவது இனிய சொல் அன்று. கயிற்றின் மறுமுனையில் இருப்பவருக்குத் தன் உயிர் நிலைப்பதில் உண்மையான பங்கு உண்டு என்ற தெளிவே அவருக்கு நம்பிக்கை. பிரான்சிலே 1943இல் கூஸ்ரோ என்னும் கடற்படையாளரும் காக்னான் என்னும் பொறியியலாளரும் சேர்ந்து புதிய சுவாசக் கருவியை ஆக்கினர். அதன் பின்னர் கயிறு மறைந்தது, துணை மறையவில்லை.

கோணமலையடியில் இருவர்

அக்கருவியோடு எமது கடலுக்கு வந்தவருள் இருவர் ஆதர் சி. கிளாக்கும் மைக் வில்சனும் ஆவர். கிளாக் 1917ஆம் ஆண்டில் இங்கிலாந்திற் பிறந்தவர். விண்வெளி பற்றி எழுதிப் புகழ்பெற்றவர். வில்சன் நீருக்கடியிற் படம் எடுப்பதில் வல்லவர். ஒருவர் எழுத்தும் மற்றவர் ஒளிப்படமும் சேர்ந்து நூல்கள் பல வெளிவந்தன. அவுஸ்திரேலியாவின் பெரும் பவளத்திட்டில் இருவரும் மூழ்கிய வரலாறு 1956இல் நூலாயிற்று. அவ்வாண்டில் இருவரும் இலங்கைக்கு வந்தனர். கிளாக் 2008இல் மறையும்வரை இந்நாட்டையே தம் இருப்பிடமாகக் கொண்டார்.

1956இல் அவர்கள் கோணமலையடியில் மூழ்கினர். போர்த்துக்கேயர் 17ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் திருக்கோணேச்சரத்தை இடித்து, அதன் கற்களைக் கோட்டை கட்டப் பயன்படுத்திய வரலாற்றை நம்மில் அறியாதார் இலர். கோயிற் கற்களுட் பல கடலிலும் வீழ்ந்தன. செதுக்கிய கற்றூண்களும் வேறு கட்டடச் சிதைவுகளும் பாறையடியிற் கிடப்பதை இருவரும் கண்டனர். வில்சன் படம் எடுத்தார். கிளாக் அடுத்த ஆண்டில் வெளிவந்த தம் நூலில் அதனை எழுதினார். அதற்கு ஆறு ஆண்டுகளுக்கு முன், 1950இல், கோட்டைப் பகுதிக்கு அண்மையிற் கிணறு தோண்டியபோது பழைய வெண்கலத் திருவுருவங்கள் கிடைத்திருந்தன. நிலமும் நீரும் தாம் காத்துவந்தவற்றைத் திருப்பித் தந்த காலம் அது. புதிதாக எழுந்த கோயிலின் குடமுழுக்கு 1963ஆம் ஆண்டில் நிறைவேறியது.

இராவணன் கோட்டை

இவ்விருவரின் கூட்டுக்கு உண்மையான சோதனை தென்கீழ்க் கடலில் வந்தது. கிரிந்தைக்கு அப்பால், கரையிலிருந்து ஏறக்குறைய 13 கிலோமீற்றர் தொலைவில், அலைக்கு மேலே சிறிதே தலைகாட்டும் பாறைத் தொடர் ஒன்று உண்டு. ஆங்கிலேயர் அதனைப் பெரிய பாஸஸ் என்றனர். சிங்கள மக்கள் மகா இராவணா கோட்டுவ, அதாவது பெரிய இராவணன் கோட்டை, என்பர். கோணமலையில் இராவணன் வெட்டைக் கண்டு வளர்ந்த நமக்கு அப்பெயர் அந்நியம் அன்று. 1873 முதல் அப்பாறையில் வெளிச்சவீடு ஒன்று நின்று எரிகின்றது. அங்கே மூழ்குதற்கு ஆண்டு முழுவதிலும் இரு பருவக்காற்றுக்களுக்கும் இடைப்பட்ட சில வாரங்களே வாய்ப்பானவை. ஏனைய நாட்களில் அலையும் நீரோட்டமும் எவரையும் அணுகவிடா.

1961 மார்ச்சு மாதத்தில் வில்சன், இரு அமெரிக்கச் சிறுவரோடு அங்கே படம் எடுத்துக்கொண்டிருந்தபோது, பாறை இடுக்கில் சிறு பீரங்கிகளையும் வெள்ளி நாணயங்களையும் கண்டார். அவை ஔரங்கசீப்பின் ஆட்சியிற் சூரத்து நகரில் அச்சிட்ட வெள்ளி ரூபாக்கள். ஹிஜ்ரி 1113, அதாவது கி.பி. 1701-1702, அவற்றிற் பொறித்திருந்த ஆண்டு. ஏறக்குறைய ஆயிரம் நாணயங்கள் கொண்ட பைகளாகக் கட்டி ஏற்றிய வெள்ளி, பை அழிந்த பின்னும் பையின் வடிவத்திலேயே ஒன்றாக இறுகிப் பவளத்தோடு ஒட்டிக் கிடந்தது. ஏற்றிச் சென்ற கப்பலின் பெயர் மட்டும் கடலோடு போயிற்று.

கண்டது ஒரு பருவத்தில்; முறையாகத் திரும்பிச் சென்றது 1963இல். இடைப்பட்ட இரு ஆண்டுகளே நாம் கவனிக்கவேண்டியவை. கண்டதை வெளியிற் சொன்னால் பிறர் முந்திக்கொள்வர். ஆகவே அது மறைவாக இருக்கவேண்டியதாயிற்று. படகு வேண்டும், கருவி வேண்டும், அவற்றுக்குப் பணம் வேண்டும். இந்நிலையில் 1962இல் கிளாக்கைக் கடும் முடக்குநோய் பற்றியது. கைகால் வழங்காது படுக்கையிற் கிடந்தார். நடக்கவும் எழுதவும் மெல்ல மெல்லவே மீண்டும் பழகவேண்டியிருந்தது. முதுகெலும்பிற் பட்ட அடி என்று அப்போது கருதப்பட்ட அந்நோய், இளம்பிள்ளைவாதத்தோடு தொடர்புடையது என்பது பல்லாண்டுகளுக்குப் பின்னரே தெரியவந்தது.

அக்காலத்தில் வில்சன் ஒரு திரைப்படத்தை இயக்கிக்கொண்டிருந்தார். 'ரன் முத்து தூவ', அதாவது பொன்முத்துத் தீவு, என்பது அதன் பெயர். சிங்கள மொழியில் முழுநீளமாக வண்ணத்தில் வெளிவந்த முதற் படம் அதுவே. அதன் நீரடிக் காட்சிகள் எமது திருக்கோணமலைக் கடலில் எடுக்கப்பட்டவை. காமினி பொன்சேகா முதலியோர் நடிக்க, அமரதேவா இசையமைக்க, 1962இல் திரைக்கு வந்த அப்படம் பெருவெற்றி அடைந்தது. இராவணன் கோட்டைக்கு மீளும் வழியையும் எளிதாக்கியது. கிளாக்கோ நோயிலிருந்து மீளும் நாட்களிலேயே சிறுவர்க்கான கடற்கதை ஒன்றை எழுதினார். 'டொல்பின் தீவு' என்ற பெயரில் அது 1963இல் வெளிவந்தது. ஒருவர் மூழ்கமுடியாத ஆண்டில் மற்றவர் மூழ்கினார். எழுந்து நடக்கமுடியாதவர் எழுதினார். இருவரும் ஒருங்கே நலமுறும் நாள் வரட்டும் என்று எவரும் காத்திருக்கவில்லை.

1963ஆம் ஆண்டின் இளவேனிலில் அவர்கள் பாறைக்குத் திரும்பினர். பீற்றர் துரொக்மோட்டன் என்னும் அமெரிக்கரும் அவர்களோடு சேர்ந்துகொண்டார். துருக்கிக் கரையில் கெலிதோனியா முனைக்கு அருகே கிடந்த வெண்கலக் காலக் கப்பலைக் கண்டறிந்து, 1960இல் நடந்த அகழ்விற் பங்குகொண்டவர் அவர். முதலில் அளந்து வரைந்துகொண்டு பின்னரே பொருளை எடுத்தல் வேண்டும் என்ற ஒழுங்கை அறிந்தவர். அலை இடங்கொடுத்த நாட்களில் மூழ்கினர். கொடாத நாட்களிற் கரையில் நின்றனர். இவ்வாறு சிறிது சிறிதாகவே வெள்ளி வெளியே வந்தது. அந்த வரலாற்றைக் கிளாக் 1964இல் வெளிவந்த நூலில் விரிவாக எழுதினார்.

நாம் கொள்ளத்தக்கவை

இவ்வரலாற்றிலிருந்து நாம் நான்கு செய்திகளைக் கொள்ளலாம்.

முதலாவது, காலத்தையும் வலிமையையும் உள்ளவாறு அறிதல். ஆண்டிற் சில வாரங்களே மூழ்கலாம் என்பதை ஒப்புக்கொண்டவர், ஏனைய மாதங்களில் கடல் கொந்தளிப்பதைக் கண்டு வருந்தமாட்டார். ஒப்புக்கொள்ளாதவருக்கோ ஒவ்வொரு அலையும் ஒரு தோல்வியாகத் தோன்றும். திருவள்ளுவர் அதிகாரங்களை வைத்த வரிசை இவ்விடத்தில் எண்ணத்தக்கது. தெரிந்துசெயல்வகை 47ஆம் அதிகாரம், வலியறிதல் 48, காலமறிதல் 49. துணையாவாரை ஆராய்ந்து தேர்தல் பற்றிய தெரிந்துதெளிதல் 51. இவற்றையெல்லாம் கடந்த பின்னரே 60இல் ஊக்கமுடைமையும், 62இல் ஆள்வினையுடைமையும், 63இல் இடுக்கணழியாமையும் வருகின்றன. துன்பத்தில் மனம் கலங்காதே என்று கூறுமுன், துன்பத்தின் அளவையும் நம் அளவையும் துணையின் அளவையும் அறிந்துகொள் என்று அவ்வரிசையே நமக்குச் சொல்வதாகக் கொள்ளலாம். அளந்து பாராத ஊக்கம் முதல் அலையிலேயே கரைந்துவிடும்.

இரண்டாவது, இருவரும் ஒரே நாளிற் சோராதிருத்தல். நம்பிக்கையை இருவரும் எந்நேரமும் சமமாகச் சுமக்கவேண்டியதில்லை. காவடியைத் தோள்மாற்றுவதுபோல மாறிமாறிச் சுமந்தால் போதும். இதற்கு வேண்டுவது, "இன்று என்னால் முடியவில்லை, நீர் பார்த்துக்கொள்ளும்" என்று கூசாது சொல்லும் பழக்கம். அதனைக் கேட்பவர் அறிவுரை கூறத் தொடங்கக்கூடாது, வேலையை வாங்கிக்கொள்ளவேண்டும். ஆழத்தில் மேலேறும் சைகைக்குக் காரணம் கேளாததுபோல, அந்நேரத்தில் காரணம் கேட்டல் தகாது. பின்னர் ஆறுதலாகப் பேசலாம்.

மூன்றாவது, பெரும்பணியை ஒரு நாட்பணியாகக் குறுக்குதல். கப்பல் முழுவதையும் எண்ணி மூழ்குபவர் மலைப்பர். இன்று இந்த இடுக்கிற் கிடக்கும் இந்த ஒரு கட்டியை எடுப்போம் என்று இறங்குபவருக்கு மலைப்பு இல்லை. இரு ஆசிரியர் சேர்ந்து ஒரு நூலை எழுதும்போதும், இரு மாணவர் பரீட்சைக்கு ஒன்றாகப் படிக்கும்போதும் இது பொருந்தும். ஒவ்வொரு மாலையும் "இன்று முடிந்தது எது" என்று ஒருவர் மற்றவருக்குச் சொல்லுதல் நல்லது. முடியாதது எது என்று எவரும் சொல்லாமலே இருவருக்கும் தெரியும்.

நான்காவது, இருவராற் கூடாத இடத்தில் மூன்றாமவரை அழைத்தல். இருவர் நெடுநாள் தனித்து ஒரு துன்பத்தைச் சுமக்கும்போது, ஒருவர் முகமே மற்றவருக்குக் கண்ணாடியாகிவிடும். கண்ட கவலையையே மீண்டும் மீண்டும் காண்பர். தொழில் அறிந்த ஒருவர் இடையே வந்து, "இதனை இவ்வாறு அளக்கவேண்டும், இதனை இப்போதைக்கு விட்டுவிடலாம்" என்று கூறுவாராயின் பாதிச் சுமை குறையும். அவரை அழைப்பது நம் திறமைக்கு இழுக்கு என்று கருதுவது பேதைமை.

பிரிவும் ஒரு பாடம்

இவ்வளவும் கூறி நிறுத்தினால் நாம் பாதி உண்மையே கூறியவராவோம். கிளாக், வில்சன் இருவரின் கூட்டு இறுதிவரை நீடிக்கவில்லை. வில்சன் மேலும் சில படங்களை எடுத்தார். காலப்போக்கில் இருவர் வழிகளும் பிரிந்தன. வில்சன் திரைத்துறையைத் துறந்து, கதிர்காமக் கந்தன்பால் ஈடுபாடு கொண்டு, சுவாமி சிவ கல்கி என்ற பெயரோடு வாழ்ந்து 1995இல் மறைந்தார். கோணமலைக் கடலடியிற் கிடந்த லிங்கம் ஒன்றை மீட்டெடுத்தவர் என்று அவருடைய பெயரைக் கோயில் அடியார் இன்றும் நினைவுகூருகின்றனர்.

பிரிந்தமையால் முன்செய்தது பொய்யாகிவிடுமா என்று சிலர் வினவுவர். ஆகாது என்பதே எமது விடை. ஒரு பணியில் நம்பிக்கை வைத்தல் வேறு. ஒரு கூட்டு என்றென்றும் நிலைக்கும் என்று எதிர்பார்த்தல் வேறு. முன்னையது இல்லாமற் பணி நடவாது. பின்னையது பெரும்பாலும் ஏமாற்றத்தையே தரும். எம் அனுபவத்திலும் இவ்வாறு ஒன்று உண்டு. பல்லாண்டுகளுக்கு முன் நண்பர் ஒருவரோடு கூட்டாக ஒரு பணியை மேற்கொண்டோம். இடர் வந்த நாட்களில் இருவரும் உறுதியாகவே நின்றோம். பணி முடிந்து பயன் வந்த பின்னரே, எவருக்கு எவ்வளவு என்பதில் மனவேறுபாடு எழுந்தது. தொடக்கத்திலேயே ஒரு தாளில் எழுதியிருப்போமாயின் அரைநாளில் முடிந்திருக்கக்கூடிய காரியம், இரண்டாண்டு பேசாதிருக்கும் அளவுக்கு வளர்ந்தது. நட்பு உள்ள இடத்தில் எழுத்து எதற்கு என்று அன்று கருதினோம். நட்பைக் காப்பதற்கே எழுத்து வேண்டும் என்பதை இன்று அறிகின்றோம். எவர் எதைச் செய்வது, எவர் எவ்வளவு இடுவது, எந்நிலையில் நிறுத்துவது என்ற மூன்றினையும், நெருக்கடி வருமுன், மனம் தெளிந்திருக்கும் நாளில் எழுதிக்கொள்ளல் நன்று. மூழ்குமுன் காற்றின் அளவைப் பார்த்துக்கொள்வது எதுவோ, அதுவே இது.

முடிவாக

2004ஆம் ஆண்டு டிசெம்பர் 26ஆம் நாட் காலையில் ஆழிப்பேரலை நிலாவெளிக் கரையைத் தாக்கிற்று. உயிர்கள் மாண்டன, வீடுகள் வீழ்ந்தன, படகும் வலையும் கடலோடு போயின. அதற்கு முன்னும் பின்னும் போரினால் இம்மாவட்டம் பட்ட துன்பமும் நாம் அறிந்ததே. ஆயினும் அதே கரையிலிருந்து அதே கடலுக்குப் படகுகள் மீண்டும் சென்றன. முதல் நாட் படகு தள்ளியவரிடத்து மகிழ்ச்சி இருந்திருக்கும் என்று எவரும் சொல்லார். ஒருவர் கை படகின் ஒரு பக்கத்திலும் மற்றவர் கை மறுபக்கத்திலும் இருந்தன. கடல் அச்சந் தந்தது. எனினும் படகு நகர்ந்தது. நம்பிக்கை என்று நாம் இக்கட்டுரையிற் குறித்தது அதனையே.

நம்பிக்கையை ஓர் உணர்ச்சி என்று கொண்டால், அது வரும், போகும். இருவருக்கிடையே ஓர் ஒழுங்கு என்று கொண்டால் அது நிலைக்கும். காற்றைக் கணக்கிடுதல், சைகையை மதித்தல், குறைந்தவர் அளவே இருவர் அளவு எனக் கொள்ளுதல், முறைமாறிச் சுமத்தல் என்பன அவ்வொழுங்கின் உறுப்புக்கள். இவற்றைப் பழகுதற்கு ஆழ்கடலில் இறங்கவேண்டுவதில்லை. கல்லூரி ஆய்வுகூடத்தில் ஒரே மேசையில் நிற்கும் இரு மாணவர் பழகலாம். ஒரே வகுப்பைப் பகிர்ந்துகொள்ளும் இரு ஆசிரியர் பழகலாம். இதுபோன்ற விழா மலரொன்றை அச்சேற்ற அல்லற்படும் இரு பதிப்பாசிரியரும் பழகலாம்.

இக்கல்லூரியின் வாங்குகளில் இருவர் இருவராக அமர்ந்தே நாம் படித்தோம். அன்று அருகிலிருந்தவர் இன்று எங்கிருப்பினும், கயிற்றின் ஒரு முனையைப் பிடிக்க எவரேனும் ஒருவர் நம் ஒவ்வொருவருக்கும் வேண்டும். அவ்வாறே, பிறர் ஒருவரின் கயிறு நம் கையிலும் இருக்கின்றது. அதனை இறுகப் பற்றியிருப்போமாக.